சாப்பாட்டுக் கடைக்கு மேலே ஓர் எடைக் குறைப்பு வகுப்பு

அடுத்தவர் உடம்பைக் குறைத்துக் காட்டுகிற தொழிலில், இளைத்தால் பெருமை அவர்களுக்கு, பெருத்தால் பழி நமக்கு.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் ஸ்டீபனும் நானும் பல வருஷம் இந்தத் தொழிலைச் செய்தோம். ஸ்டீபன் செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். இளவயதில் பாடிபில்டிங் போட்டிகளுக்குப் போனவர். டம்பெல், பார்பெல் எல்லாம் அவர் பொறுப்பு. நான் அதற்கு முன் பாலர் பள்ளியில் ஆசிரியை. அங்கே பிள்ளைகளுக்குக் கையைத் தூக்கு, காலைத் தூக்கு என்று சொல்லிக்கொடுத்த அதே குரலில் இங்கே பெரியவர்களுக்குச் சொன்னேன். அதனால் எல்லோருக்கும் நான் டீச்சர் ஆகிவிட்டேன். என்னைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட, "டீச்சர், முட்டி வலிக்குது, உக்காந்துக்கவா?" என்று அனுமதி கேட்டுத்தான் உட்காருவார்கள்.

நீங்களும் எடை மெஷினில் ஏறுவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைக்கிறவராக, ஏறியபின் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்கிறவராக இருந்தால் நாம் ஒரே கட்சி. ஆகவே கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

கீழே தாளிப்பு, மேலே தண்டால்

எங்கள் மாடிக்கு நேர் கீழே ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. இடம் பார்க்கப் போனபோது அது மதிய இடைவேளை முடிந்து கடை கழுவிவிட்டிருந்த நேரம். அதனால் ஒன்றும் தெரியவில்லை. வகுப்பு தொடங்கிய முதல் நாள் காலை, எல்லோரையும் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, "மூச்சை நல்லா உள்ள இழுங்க" என்றேன். இழுத்தார்கள். கீழே அப்போதுதான் வெங்காயமும் கறிவேப்பிலையும் எண்ணெயில் விழுந்திருந்தன. இழுத்த மூச்சை ஒருவரும் வெளியே விடவில்லை. கடைசி வரிசையில் யாரோ, "மீன் குழம்பு" என்று மெதுவாகச் சொன்னார்கள். முன்வரிசையிலிருந்து ஒருவர், "இல்ல, நண்டு" என்றார். அன்றைக்கு வகுப்பு அங்கேயே முடிந்தது.

ஜன்னலை மூடிப் பார்த்தோம், வேர்த்துக் கொட்டியது. மின்விசிறியைத் திருப்பி வைத்துப் பார்த்தோம், மணம் இன்னும் வேகமாக வந்தது. கடைசியில் நானே கீழே போய்க் கடைக்காரரிடம், காலை வகுப்பு முடிகிற வரைக்குமாவது தாளிப்பைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். பெரிய வயிறும் பெரிய மனசுமாக இருந்தவர் அவர். கரண்டியை வைத்துவிட்டு, என் பிரச்சினையை முழுக்கக் கேட்டார். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "நீங்க மேல குறைச்சு அனுப்புங்க டீச்சர், மிச்சத்த நான் கீழ பாத்துக்கிறேன்லா."

பெர்னார்ட் அங்கிளின் கூடுதல் நடை

பெர்னார்ட் அங்கிளும் ரீட்டா ஆன்டியும் எங்கள் முதல் மாணவர்களில் சேர்த்தி. அங்கிள் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கத்திலேயே ஃப்ளாட் வீடு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவதுபோலவே வகுப்புக்கும் இருவரும் சேர்ந்து வருவார்கள், சேர்ந்து போவார்கள். உடம்பு அங்கிளுக்கு. கவலை ஆன்டிக்கு. சர்க்கரை வியாதி எட்டிப் பார்க்கிறது, பத்து கிலோவாவது குறையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆன்டி வீட்டில் சோற்றைப் பாதியாக்கினார், தேங்காய்ப்பாலை நிறுத்தினார். அங்கிள் வகுப்பில் ஒரு நாள் தவறாமல் குதித்தார். மெஷின் முள் மட்டும் அசையவில்லை.

அங்கிளுக்கு அதனால் வருத்தமே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். "எக்சர்சைஸ் பத்தல டீச்சர். நான் கொஞ்சம் கூட நடக்கிறேன்" என்பார். வகுப்பு முடிந்ததும் ஆன்டியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மோனோரயில் ஸ்டேஷன் வரை கை வீசி நடந்து போவார். பார்க்கவே உற்சாகமாக இருக்கும். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் நடக்க ஆரம்பித்தார்கள். நடக்கிற நடையால் சாப்பாட்டை ஈடு கட்டிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஒரு வடை உள்ளே போக ஒரு நிமிஷம் போதும். அது வெளியே வர எவ்வளவு நடக்க வேண்டும் என்று சொன்னால் யாரும் என் வகுப்புக்கே வரமாட்டார்கள்.

ஒரு நாள் ஆன்டி தனியாக மாடியேறி வந்தார். கையில் அங்கிளின் வெள்ளைத் துண்டு. விரித்துக் காட்டினார். ஒரு மூலையில் காய்ந்துபோன திட்டுத்திட்டான கறை, அதில் ஒட்டிக்கொண்டிருந்த கடுகு. ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு வடைக் கடை இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆன்டி குரலை உயர்த்தவே இல்லை: "நடந்தா மனுஷனுக்கு வேர்க்கும்னு தெரியும் டீச்சர். சட்னியுமா வேர்க்கும்?"

சத்தம் போடாமல் நடத்திய வகுப்பு

ரோஸ்லின் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு வேலை முடித்து, யூனிஃபார்ம் மாற்றிக்கொண்டு, நேராக எங்கள் காலை வகுப்புக்கு வருவாள். கண்ணெல்லாம் சிவந்திருக்கும். ஆனால் குதிக்கிறதில் அவளுக்கு ஈடு யாரும் கிடையாது. வகுப்பு முடிந்ததும் பசி அவளைப் பிய்த்து எடுத்துவிடும், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தில்தான் போய் முடியும். "டீச்சர், நாசி லெமாக்கைப் பாத்தா கை தானா போகுது. ரெண்டு பொட்டலம் சாப்பிட்டாலும் அடங்கமாட்டேங்குது" என்று அழாத குறையாகச் சொல்வாள். மூன்று மாதம் மற்ற வேளையெல்லாம் பட்டினியும் பயிற்சியுமாகக் கிடந்தும் உடம்பு குறையவில்லை. முகம் மட்டும்தான் வாடியிருந்தது.

அவளை உட்காரவைத்து, "நீ எத்தனை மணி நேரம் தூங்குறே?" என்று கேட்டேன். சிரித்தாள். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள், படுக்கையில் மாமியார், நாள் முழுக்க ஓடுகிற டிவி. பகலில் கண்ணை மூடினால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை யாராவது கதவைத் தட்டுவார்கள். தூங்காத உடம்புக்குப் பசி அதிகம், அதுவும் இனிப்பும் எண்ணெயுமாகத்தான் கேட்கும், அந்த உடம்பைப் பட்டினி போட்டால் கொழுப்பை வைத்துக்கொண்டு சதையைத்தான் முதலில் விட்டுக்கொடுக்கும் என்றெல்லாம் சொன்னேன். நர்ஸுக்கு இது தெரியாதா? "எல்லாம் தெரியும் டீச்சர், நோயாளிகளுக்கு நானே சொல்றேன். தூங்க இடம்தான் இல்ல" என்றாள்.

மறுநாள் வகுப்பு தொடக்கத்தில் எல்லோரும் பாயில் படுத்துக் கைகால்களைத் தளர்த்தினோம். எழுந்தபோது ரோஸ்லின் எழவில்லை. வாய் லேசாகத் திறந்திருக்க, பிள்ளைபோல் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பப் போன என் கையை ரீட்டா ஆன்டி பிடித்துக்கொண்டார். ஸ்டீபன் போய்ப் பாட்டை நிறுத்தினார். அன்று குதிக்கிற பயிற்சி ஒன்றும் இல்லை. நான் விரலைக் காட்டினால் ஒன்று, இரண்டு. கையைக் கீழே இறக்கினால் மாற்று. அத்தனை பேரும் அவளைச் சுற்றி வட்டமாக நின்று, ஊமைப்படம்போல் கையைத் தூக்கினார்கள், இறக்கினார்கள். யாரோ ஒருவர் தன் சால்வையை அவள் மேல் போட்டார். வகுப்பு முடிந்து எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்கள்.

அதன்பிறகு இரவு வேலை முடிந்து வருகிற நாட்களில் மூலையில் அவளுக்கு ஒரு பாய் போட்டு வைத்தோம். மதியம் வரை தூங்கி எழுந்து வீட்டுக்குப் போவாள். வேலையில்லாத நாட்களில் பயிற்சி. உடம்பு மெதுவாக, நேர்மையாகக் குறைந்தது. ஆனால் எனக்கு ஞாபகம் இருப்பது அந்த முதல் நாள்தான். பகல் ஏறியபின் எழுந்து, கன்னத்தில் பாயின் கோடுகளோடு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "டீச்சர், இன்னைக்கு க்ளாஸ் ரொம்ப நல்லா இருந்துச்சு."

சாவித்திரி அக்காவின் ரவிக்கை

சாவித்திரி அக்கா சுங்கை பூலோவிலிருந்து ரயில் ஏறி வருவார். எடை மெஷின் அவருக்குச் சாமி சந்நிதி மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு ஏறுவார், கண்ணைத் திறந்ததும் அழுவார். ஸ்டீபன் அவருக்குக் கனம் தூக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கொழுப்பு போகிற இடத்தில் சதை பிடிக்கும்போது மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான், வித்தியாசம் சொல்லத் தெரியாது என்று எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில், "என் உடம்பு இப்படித்தான் டீச்சர்" என்று சொல்லி வகுப்புக்கு வராமல் நின்றேவிட்டார்.

தீபாவளிக்கு முன் ஒரு நாள் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். கையில் துணிப்பை. வருஷா வருஷம் ரவிக்கை தைக்கிற அதே தையல்காரரிடம் புதுத் துணி கொடுத்திருக்கிறார். பழைய அளவு ரவிக்கையைப் பார்த்துவிட்டு, புதிதாக அளவும் எடுத்துவிட்டு, அந்த மனிதர் தலையைச் சொறிந்தாராம். அவர் சொன்னதை அக்கா எங்கள் எல்லோருக்கும் நடித்தே காட்டினார்: "அக்கா, பழைய ரவிக்கை உங்களதா, உங்க அம்மாவோடதா?"

ஆறுமுகம் அண்ணனின் குறட்டை

சனி, ஞாயிறுகளில் நான் கிள்ளானில் ஒரு சர்ச் மண்டபத்தில் வகுப்பு எடுப்பேன். அங்கே வந்தவர்தான் ஆறுமுகம் அண்ணன். துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். மனைவி அமுதா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தாள். இழுத்து வரவேண்டியிருந்ததே தவிர, சேர்ந்த பிறகு அவரைப்போல் சொன்னதைக் கேட்டவர் யாரும் இல்லை. இரவில் சோறு இல்லை. பொரித்த கோழி இல்லை. சாயங்காலம் திடலைச் சுற்றி ஓட்டமும் நடையும். அப்படியும் உடம்பு குறைய மறுத்தது. ஒரு நாள் மண்டபத்தில் பயிற்சி சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தபடி தூங்கிப்போனார். கால் நின்றது, தலை கைப்பிடியில் சாய்ந்தது, குறட்டை மண்டபத்தின் கூரையில் மோதியது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அமுதா மட்டும் சிரிக்கவில்லை.

வெளியே வந்து என்னிடம் சொன்னாள். வீட்டிலும் இப்படித்தான். குறட்டை விட்டுக்கொண்டே இருப்பவர் திடீரென்று நிறுத்திவிடுவார். மூச்சே வராது. இவள் பயந்து விலாவில் குத்துவாள். ஹக் என்று ஒரு சத்தத்தோடு மூச்சு திரும்பும். இரவெல்லாம் இதுதான். "அவரு தூங்குறாரு, நான் காவல் இருக்கேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. இது சோற்றாலும் ஓட்டத்தாலும் தீர்கிற விஷயம் இல்லை, டாக்டரிடம் காட்டுங்கள் என்று அண்ணனிடம் சொன்னேன். "ஆம்பள குறட்டை விடுறதும் ஒரு நோயா டீச்சர்?" என்று சிரித்து மழுப்பினார். உண்மையான பயத்தை அமுதாதான் சொன்னாள். நோய் என்று எழுதிக்கொடுத்துவிட்டால் லைசென்ஸ் போய்விடுமோ, லோரி இல்லாமல் பிள்ளைகளை எப்படிப் படிக்க வைப்பது என்ற பயம்.

ஒரு வாரம் கழித்து அண்ணன் மண்டபத்துக்கு வந்தார். பயிற்சி உடுப்பில் இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வகுப்பு முடிகிற வரை தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் போனபின் சொன்னார். சிக்னலில் லோரியை நிறுத்தியிருக்கிறார். நல்ல வெயில், பகல் நேரம். கண் எப்போது மூடியது என்று தெரியவில்லை. பிரேக்கிலிருந்து கால் நழுவி லோரி தானாக உருண்டு, பக்கத்திலிருந்த தடுப்பில் ஏறி நின்றிருக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவருக்கு நேர் முன்னால் நின்ற பள்ளிக்கூட பஸ் அப்போதுதான் நகர்ந்து போயிருந்தது. "அந்தக் கடைசி சீட்டுல ஒரு பொண்ணு எனக்கு டாட்டா காட்டிட்டுப் போச்சு டீச்சர்" என்றார்.   எழுந்திருக்கும்போது, "எந்த டாக்டர்னு சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் ஓர் இரவு படுக்கவைத்து, உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். தூங்கும்போது தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சு நிற்கிறது, அவருக்கே தெரியாமல் இரவு முழுக்க விழித்து விழித்து எழுகிறார் என்றார்கள். மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்குகிற காற்று மெஷின் ஒன்று கொடுத்தார்கள். யானைத் தும்பிக்கை மாதிரி இருக்கிறது என்று முதலில் முரண்டு பிடித்தார். அமுதா விடவில்லை. கம்பெனியில் நல்ல முதலாளி, டாக்டர் சரி என்று சொல்லும்வரை யார்டுக்குள்ளேயே லோரி ஓட்டாத வேலை கொடுத்து, பிறகு லோரியைத் திருப்பிக் கொடுத்தார். அப்போதுதான் இன்னொன்றும் தெரியவந்தது. தூக்கம் வராமலிருக்க அண்ணன் வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அத்தனையும் கெட்டிப்பால், சீனி. இரவில் தூங்க ஆரம்பித்ததும் அந்த டீ தானாக நின்றது, திடலில் நடப்பதற்குக் காலில் தெம்பும் வந்தது, உடம்பும் இறங்கத் தொடங்கியது. எல்லோரும் அமுதாவைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் நீயும் நிம்மதியாகத் தூங்கலாம் என்றோம். அவள் முகத்தைச் சுளித்தாள்: "எங்க தூங்குறது? இவரு சத்தமே போடாம தூங்குறாரு, பக்கத்துல ஆள் இருக்காரான்னு நான் எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்குறேன்."

வெங்காயம் உரித்த மேரி

கொரோனாவுக்காக ஊரடங்கு போட்ட எம்சிஓ காலத்தில் மாடியைப் பூட்டிவிட்டு வகுப்பைக் கைப்பேசிக்கு மாற்றினோம். என் வீட்டு வரவேற்பறையில் சோபாவை நகர்த்திவிட்டு நான் ஆடுவேன். சின்னச் சின்னக் கட்டங்களில் அவர்கள் ஆடுவார்கள். ஒருவர் வீட்டுச் சமையலறை, ஒருவர் வீட்டுக் கார் நிறுத்துமிடம், ஒருவர் வீட்டில் பின்னால் சாரோங்கோடு நடந்து போகிற கணவர். அம்பாங்கிலிருந்து மேரி என்று ஒருத்தி. அவள் கைப்பேசியை எப்போதும் தோளுக்கு மேலே மட்டும் தெரிகிற மாதிரி வைப்பாள். தோள் இரண்டும் தாளம் தவறாமல் அசையும். எவ்வளவு அழகாகச் செய்கிறாள் பாருங்கள் என்று எல்லோருக்கும் உதாரணம் காட்டுவேன்.

ஒரு நாள் அவள் மகள் கைப்பேசியைத் தட்டிவிட்டாள். மேரி நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்து, மடியில் முறத்தோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தோள் அசைந்தது அதனால்தான். வகுப்பே நின்றுபோனது. மேரி துளியும் அசராமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "டீச்சர், நீங்க சொன்ன மாதிரியே கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் செஞ்சேன்."

தானாகக் குறைந்த உடம்பு

பெர்னார்ட் அங்கிளும் ரீட்டா ஆன்டியும் அந்தக் கட்டங்களில் ஒரே கட்டத்தில் வருவார்கள். பாதி முகம் அங்கிளுடையது, பாதி ஆன்டியுடையது. ஒரு நாள் கட்டம் வரவில்லை. ஆன்டிக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றைக்கே முடிந்துவிட்டது என்று ஸ்டீபன் போன் செய்து சொன்னார். வீட்டார் சிலரைத் தவிர யாரும் போக முடியாத நேரம். நாங்கள் எல்லோரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து கைப்பேசியில் அடக்கத்தைப் பார்த்தோம். வகுப்பில் வருகிற அதே முகங்கள். 

மாடியைத் திரும்பத் திறந்தபோது அங்கிள் தனியாகப் படியேறி வந்தார். சட்டை தோளிலிருந்து தொங்கியது. வழக்கம்போல் மெஷினில் ஏறினார். வருஷக் கணக்கில் ஆன்டி எதற்காகச் சண்டை போட்டாரோ அந்தப் பத்து கிலோவும் அதற்கு மேலும் போயிருந்தது. "ஆசைப்பட்டப்ப ஒரு கிலோ குறையல டீச்சர். இப்பக் கேக்காமலே போவுது" என்றார். வீட்டில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்றால் பிஸ்கட் என்றார். தூங்குகிறீர்களா என்றால், கட்டில் பெரிதாக இருக்கிறது, நாற்காலியில் உட்கார்ந்தே விடிந்துவிடுகிறது என்றார்.

குறைக்கத் தெரிந்த எங்களுக்கு ஏற்றத் தெரியுமா என்பது அப்போதுதான் சோதனைக்கு வந்தது. ரோஸ்லின் அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப்போய் ரத்தமெல்லாம் பார்த்தாள். வேறு நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. ஸ்டீபன் தினமும் காலையில் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, வெயில் முகத்தில் படுகிற மாதிரி நடக்கக் கூட்டிப்போனார். பகலில் வெளிச்சத்தில் நடந்தால் ராத்திரி தூக்கம் வரும் என்பது ஸ்டீபன் நம்பிக்கை. நான் லேசான டம்பெல் கொடுத்து, இருக்கிற சதையாவது போகாமல் பார்த்துக்கொண்டேன். நடை முடிந்ததும் கீழ்க்கடையில் அவருக்கு ஒரு மேசை. "பசியாறிட்டுப் போங்க அங்கிள்" என்று கடைக்காரர் கூப்பிடுவார். முதலில் பாதித் தோசை. பிறகு ஒன்று. கட்டிலை விற்றுவிட்டுச் சின்னதாக ஒன்று வாங்கலாமா என்று ஸ்டீபன் கேட்டார். வேண்டாம் என்றார் அங்கிள். கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போட்டார்கள். ஆன்டி படுக்கிற பக்கம் சுவர் வந்தது. அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தூங்கத் தொடங்கினார்.

அடுத்த கிறிஸ்மஸுக்குக் கொஞ்சம் முன்னால் மெஷினில் ஏறினார். முள் மேலே போயிருந்தது. எங்கள் மாடியில் எடை கூடியதற்காக அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டியது அந்த ஒரு நாள்தான். சாவித்திரி அக்கா தன் வழக்கப்படி அழுதார். அங்கிள் மெஷினை விட்டு இறங்காமல், முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரித்தார்: "ரீட்டா மட்டும் இருந்திருந்தா இன்னைக்கு என்னை உதைச்சிருப்பா."

கடைசியாக இறங்கிய நாள்

போன வருஷம் கட்டட உரிமையாளர் மாடியைத் தடுத்து ஆபீஸ் அறைகளாக்கப் போவதாகச் சொன்னார். சண்டை ஒன்றும் இல்லை. அவர் கட்டடம், அவர் விருப்பம். டம்பெல்களையும் பாய்களையும் லோரியில் ஏற்ற ஆறுமுகம் அண்ணன் கிள்ளானிலிருந்து வந்தார். பெரிய கண்ணாடிகளைச் சுவரிலிருந்து கழற்றியபோது, அந்தச் சுவர் பழைய நீலநிறத்தில், நாங்கள் வந்த முதல் நாள் இருந்த மாதிரியே இருந்தது. எல்லோரும் தரையில் உட்கார்ந்து கீழ்க்கடையிலிருந்து தாப்பாவ் பொட்டலமாகக் கட்டி வாங்கிவந்த சோற்றைச் சாப்பிட்டோம். யாரும் அளவு பார்க்கவில்லை. பாத்திரச் சத்தமும் மீன் குழம்பு மணமும் மட்டும் ஏறி வந்துகொண்டிருந்தன.

ஸ்டீபன் இப்போது பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பெரிய ஜிம்மில் வேலை பார்க்கிறார். ஏர்கான், அட்டை காட்டினால் திறக்கிற கதவு, யாரோடும் பேசாமல் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடுகிற இளைஞர்கள். மாதத்துக்கு ஒருமுறையாவது நானும் அவரும் பிரிக்ஃபீல்ட்ஸில் டீ குடிப்போம். மாடி ஜன்னலில் இப்போது வெள்ளைத் திரை தொங்குகிறது. புது இடம் எப்படி என்று கேட்டேன். சீனி போடாத டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "எல்லாம் இருக்கு டீச்சர். ஒருத்தன் வரலன்னா ஏன் வரலன்னு கேக்கத்தான் ஆள் இல்ல."

மணிக்கட்டில் ஒரு மாமியார்

கிள்ளான் மண்டப வகுப்பு இன்னும் நடக்கிறது. இப்போது வருகிறவர்கள் எல்லாம் தெரிந்துகொண்டே வருகிறார்கள். எத்தனை அடி நடந்தோம், இதயம் எப்படித் துடித்தது, எவ்வளவு நேரம் ஆழமாகத் தூங்கினோம் என்றெல்லாம் மணிக்கட்டில் கட்டிய கடிகாரம் சொல்லிவிடுகிறது. வங்கியில் வேலை செய்கிற தர்ஷினி என்ற பெண் ஒரு சனிக்கிழமை மிகவும் சோர்ந்து வந்தாள். பயிற்சி செய்யத் தெம்பில்லை, வெறுமனே உட்கார்ந்து பார்க்கிறேன் என்றாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். இல்லை. காய்ச்சலா? இல்லை. கடிகாரத்தை நீட்டிக் காட்டினாள். அதில் நேற்றைய தூக்கத்துக்கு மதிப்பெண் மிகக் குறைவு.

"ஏம்மா, சரியா தூங்கலையா?" என்றேன். அவள் என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பாலர் பள்ளியில் பென்சிலைத் தொலைத்துவிட்டு நிற்கிற பிள்ளைகளுக்கு இருக்குமே, அந்த முகம். "நல்லா தூங்கின மாதிரிதான் டீச்சர் இருந்துச்சு. காலையில இதப் பாத்த பிறகுதான் டயர்டா இருக்கு."

இத்தனை வருஷத்தில் நாங்கள் குறைத்துக் கொடுத்த கிலோக்களில் பாதி அவரவர் வீட்டுக்கு வழி கண்டுபிடித்துத் திரும்பிப் போயிருக்கும், வந்துபோன மனுஷர்கள் மட்டும் ஒரு கிராம்கூடக் குறையாமல் என்னிடமே தங்கிவிட்டார்கள்.